ஸ்காட்லாந்துச் சிற்றூரில் ஊர்ச்சொத்தை ஊராரே ஏற்று நடத்துவது எப்படி

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் என்ற மலைப்பகுதியிலோ தீவுகளிலோ உள்ள ஒரு சிற்றூரில் கடைக்காரர் ஓய்வுபெறப் போவதாக அறிவிக்கும்போது, அல்லது ஊர்மண்டபத்தை இனிப் பராமரிக்க இயலாது என்று உள்ளாட்சி மன்றம் கடிதம் அனுப்பும்போது, ஊரார் கூடிப் பேசி, "நாமே எடுத்து நடத்துவோம்" என்ற முடிவுக்கு வருவது இன்று அங்கே அரிதான செய்தியன்று. அந்த முடிவுக்குப் பிறகு செய்ய வேண்டியவற்றைப் பற்றியது இந்த வழிகாட்டி. இம்முயற்சிகளுக்குத் துணைநிற்கும் சட்டமும் நிதியும் ஸ்காட்லாந்தில் உண்மையாகவே வலுவாக உள்ளன. தட்டுப்பாடாக இருப்பது மனிதர்களின் நேரம்தான். ஆகவே, பணத்தை யார் தருவார் என்று கேட்பதற்கு முன், செவ்வாய்க்கிழமை காலையில் கதவை யார் திறப்பார் என்று கேட்டுத் தெளிவது முதல் வேலை.

இவ்வழியைக் காட்டியவர்கள் சட்டம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். வடமேற்கு ஸ்காட்லாந்தின் அசிண்ட் பகுதியின் சிறுநில உழவர்கள் 1993-இல் தாங்கள் பயிரிட்டுவந்த நிலத்தை விலைகொடுத்து வாங்கினார்கள். மேற்குக் கடற்கரையை அடுத்த எய்க் தீவு மக்கள் 1997-இல் ஹைலேண்ட் உள்ளாட்சி மன்றத்தையும் ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளையையும் துணைசேர்த்துக்கொண்டு, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டித் தீவையே வாங்கினார்கள். வாங்கும் முதல் வாய்ப்பை ஊருக்குத் தரும் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அதற்குப் பின்னர்தான் வந்தது.

முதலில் ஊரைக் கேளுங்கள். கூட்டம் போடுவது மட்டும் போதாது. வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பு வேண்டும். "இந்தக் கடை வேண்டுமா?" என்று கேட்டால் அனைவரும் வேண்டும் என்றே சொல்வார்கள், அந்த விடையை வைத்து எதையும் திட்டமிட முடியாது. வாரத்தில் எந்த நாளில், எத்தனை மணி நேரம் தர முடியும், வண்டி ஓட்டுவீர்களா, கணக்கெழுதத் தெரியுமா, ஏணியில் ஏற முடியுமா, சனவரி மாதத்தில் ஊரில் இருப்பீர்களா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. கோடையில் மட்டும் வந்து தங்கும் விடுமுறை வீட்டுக்காரர்கள் நன்கொடை தருவார்கள், ஆனால் யார் எப்போது வேலை பார்ப்பது என்று காட்டும் பனிக்கால முறைப்பட்டியலில் அவர்களை எழுத முடியாது. ஆடுகள் குட்டி ஈனும் ஏப்ரல், மே மாதங்களில் முக்கியக் கூட்டம் எதையும் வைக்காதீர்கள்; ஆடு வளர்ப்போர் இரவும் பகலும் கொட்டகையில் இருக்கும்போது எடுக்கப்படும் முடிவு ஊரின் முடிவாகாது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் ஊக்கத்தோடு பேசுவார்கள், விண்ணப்பம் எழுதுவார்கள். தலைமுறைகளாக அங்கேயே வாழ்பவர்கள் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து வாய்திறக்காமல் போய்விடுவார்கள். ஆனால் மண்டபத்தின் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதும், முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற முயற்சி ஏன் நின்றது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களின் வீட்டுக்கே சென்று, அடுக்களை மேசையருகே அமர்ந்து கேட்பது மரியாதையும் ஆகும், வேலையும் முடியும்.

அடுத்தது அமைப்பின் வடிவம். பதிவுபெறாத சங்கமாகவே நடத்தினால், கடனோ வழக்கோ வரும்போது குழுவினர் தம் சொந்தப் பொறுப்பில் அதைச் சுமக்க நேரிடலாம். எனவே 2011 முதல் கிடைக்கும், பொறுப்பை அமைப்பே ஏற்கும் எஸ்.சி.ஐ.ஓ. என்ற அறக்கட்டளை வடிவம் பெரும்பாலான மண்டபங்களுக்குப் பொருத்தமானது. குறைந்தது மூன்று அறங்காவலர்கள் வேண்டும், ஆஸ்கர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறக்கட்டளை ஒழுங்குமுறை அலுவலகத்தில் பதிய வேண்டும். கடை, மதுவிடுதி போன்ற வணிகமானால் ஊர்நலக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து பங்குகள் விற்கலாம். எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். சாலைத் தொடர்பே இல்லாமல் படகிலோ நடந்தோ மட்டும் சென்றடையக்கூடிய இன்வெரி என்ற ஊரில், ஓல்டு ஃபோர்ஜ் மதுவிடுதியை ஊரார் 2022-இல் வாங்கியது இவ்வடிவத்தில்தான்.

சொத்தைப் பெறும் வழி அதன் உரிமையாளரைப் பொறுத்தது. அது உள்ளாட்சி மன்றம் போன்ற பொது அமைப்புக்குச் சொந்தமானால், 2015-ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளிப்புச் சட்டத்தின்கீழ் அதை மாற்றித் தருமாறு முறைப்படி கோரலாம். மறுப்பதானால் அவர்கள் தக்க காரணம் காட்ட வேண்டும். தனியாருக்குச் சொந்தமானால், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊரின் விருப்பத்தைப் பதிவுசெய்து வைக்கலாம். இதற்கு அமைப்பில் குறைந்தது பத்து உறுப்பினர் இருக்க வேண்டும். அவர்களில் முக்கால் பங்கினர் அந்த ஊரைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். உரிமையாளரை விற்கும்படி இது கட்டாயப்படுத்தாது. அவர் விற்க முன்வரும்போது வாங்கும் முதல் வாய்ப்பை ஊருக்குத் தரும். அப்போது ஊர் வாக்கெடுப்பும், அரசு நியமிக்கும் மதிப்பீட்டாளரின் விலை நிர்ணயமும் நடைபெறும். விற்பனைப் பலகை மாட்டப்பட்ட பிறகு விண்ணப்பித்தால் கூடுதல் தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதால், விற்பனைப் பேச்சே இல்லாத காலத்தில் பதிந்துவைப்பதே அறிவுடைமை. உரிமையாளர் நல்ல மனத்தோடு பேச வந்தால், சட்டவழியை நாடாமல் நேரடியாகப் பேசி முடிப்பதே நல்லது. நாளையும் அவர் அதே ஊரில்தான் இருப்பார்.

வாங்குவதற்கு ஸ்காட்லாந்து நில நிதியம் 10 லட்சம் பவுண்டு வரை மானியம் வழங்குகிறது. அதைவிடக் கவலைக்குரியது ஆண்டுச் செலவு: சூடாக்கும் எரிபொருள், காப்பீடு, கூரைப் பழுது. பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கட்டட வரியில் 80 விழுக்காடு தள்ளுபடி உண்டு; எஞ்சியதையும் மன்றம் விரும்பினால் தள்ளலாம். கேட்கத் தவறாதீர்கள்.

தாங்கக்கூடிய அளவை முன்கூட்டியே வரையறுப்பதில் எய்க் தீவு எனக்கு எப்போதும் நல்ல முன்மாதிரியாகத் தோன்றுகிறது. டீசல் மின்னாக்கிகளை நம்பியிருந்த அத்தீவு, 2008-இல் நீர், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து மின்சாரம் தரும் சொந்த அமைப்பைத் தொடங்கியது. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. வணிக இடங்களுக்கு 10 கிலோவாட். எல்லா வீடுகளுக்கும் ஒரே வரம்பு, எல்லா வணிக இடங்களுக்கும் ஒரே வரம்பு என்பதால் அமைப்பு சிறியதாகவே இருக்க முடிந்தது. அதைப் பராமரிப்பவர்களும் பயிற்சி பெற்ற தீவுவாசிகளே. உங்கள் கடையையும் அவ்வாறே வாரத்தில் நான்கு நாள் நிச்சயமாகத் திறப்பதாகத் தொடங்குங்கள். ஏழு நாள் என்று அறிவித்துவிட்டு மூன்றாம் மாதத்தில் கதவு பூட்டியிருந்தால், தொலைவிலிருந்து வண்டியோட்டி வந்தவர் மறுபடி வரமாட்டார்.

முறைப்பட்டியலை எழுதும் விதத்தில்தான் எல்லாம் நிற்கும் அல்லது விழும். ஒரு பணிமுறை மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் இருவர். புதியவர் எப்போதும் பழகியவரோடு. பட்டியலை இணையத்தில் வைத்தாலும், அச்சிட்ட தாள் ஒன்று மண்டப அடுக்களையில் தேநீர்க் கொதிகலனுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கட்டும். அதனருகே இன்னொரு தாள்: கொதிகலனில் எந்தக் கோடு வரை நீர் ஊற்றுவது, சூடேற்றியை எந்தப் பொத்தானால் அணைப்பது, நீர்க்குழாயின் முதன்மை அடைப்பான் எங்கே இருக்கிறது, நாற்காலிகளை எத்தனை உயரத்துக்கு அடுக்கலாம், சாவியை எந்த எண்பூட்டுப் பெட்டியில் போடுவது. இவ்வளவும் எழுதிவைத்த இடத்தில் எழுபது வயதுக்காரரும் பதினாறு வயதுப் பிள்ளையும் தயங்காமல் வேலையேற்பார்கள். எழுதாத இடத்தில் எல்லாம் தெரிந்த ஒருவரே ஒவ்வொரு நாளும் ஓடிவர வேண்டியிருக்கும், இரண்டு ஆண்டுகளில் அவரும் களைத்து விலகிவிடுவார்.

பாதுகாப்பு விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொதுப்பொறுப்புக் காப்பீடு இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். சமைத்துப் பரிமாறுவதைத் தவறாமல் நடத்துவதானால் உள்ளாட்சி மன்றத்தில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும். குழந்தைகளோடும் நலிந்தோரோடும் பணிபுரியும் பொறுப்புகளுக்குப் பி.வி.ஜி. என்ற பின்னணிச் சரிபார்ப்புத் திட்டத்தில் சேர்வது 2025 ஏப்ரல் முதல் சட்டப்படி கட்டாயம். முதியோரை மருத்துவரிடம் அழைத்துச்செல்ல ஊர்ச் சிற்றுந்து வாங்குவதானால், இலாபநோக்கற்ற அமைப்புகள் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச்செல்ல உதவும் பிரிவு 19 அனுமதி பெறுவதோடு, ஓட்டுநர்களின் உரிமத்தையும் பாருங்கள்: 1997-க்கு முன் உரிமம் பெற்றவர்களுக்கும் பின்னர் பெற்றவர்களுக்கும் விதிகள் வேறு.

மண்டபம் உங்கள் கையில் வந்ததும் புயல்காலத் திட்டம் ஒன்றை எழுதுங்கள். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வடகிழக்கு ஸ்காட்லாந்தில் பல வீடுகளை நாள்கணக்கில் மின்சாரமின்றி விட்டது. அப்போது தனியே வாழும் முதியவர்களைத் தேடிச் சென்றதும் சூடான உணவு தந்ததும் அக்கம்பக்கத்தார்தான். மின்சாரமில்லாமல் எரியும் அடுப்பு ஒன்று, போர்வைகள், கம்பியில்லாத் தொலைத்தொடர்புக் கருவிகள் ஆகியவற்றோடு, எந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது என்ற பட்டியலும் தாளில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் சற்று நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் நின்றுவிடக்கூடும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே ஆண்டில் விலகாதபடி பதவிக்காலத்தை முன்பின்னாக அமையுங்கள். பொருளாளர் தம் கடைசி ஆண்டு முழுவதும் அடுத்தவரை அருகில் வைத்துக்கொண்டே கணக்கெழுதட்டும். வங்கிக் கணக்கில் பணமெடுக்க எப்போதும் இரண்டு கையொப்பங்கள் தேவை என்று விதி இருக்கட்டும். விலகியவரின் பெயரை அந்த மாதமே நீக்குங்கள். நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள், அமைப்புக்கு வெளியே உள்ள ஒருவர் சரிபார்த்த கணக்கை ஆஸ்கருக்கு அனுப்பிவிட்டு, அதன் படியொன்றைக் கடைச் சன்னலில் அனைவரும் பார்க்கும்படி ஒட்டிவையுங்கள்.