குழந்தையோடு முதல் பாலே: நட்கிராக்கர் பார்க்கப் போகிறீர்களா?

டிசம்பர் பிறந்தால் போதும், உலகின் பல நகரங்களில் நட்கிராக்கர் பாலே மேடையேறிவிடும். சாய்கோவ்ஸ்கி இசையமைத்து 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய நாட்டிய நாடகம் இது. கிறிஸ்துமஸ் மரம், பொம்மைகள், எலி ராஜா என்று குழந்தைகளுக்காகவே செய்தது போலிருக்கும். ஆனால் இடைவேளையோடு சுமார் இரண்டு மணி நேரம். வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. அதற்குக் குழந்தையைக் கொஞ்சம் தயார்படுத்த வேண்டும்.

1. டிக்கெட்

குறைந்தபட்ச வயது என்ன என்று முதலில் பாருங்கள். அரங்குக்கு அரங்கு மாறும். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் தனி டிக்கெட் கேட்கும் இடங்கள் உண்டு. பகல் காட்சியே நல்லது. சில குழுக்கள் சிறுவர்களுக்கென்று சுருக்கிய வடிவம் போடுகின்றன. விளக்குகளை முழுக்க அணைக்காமல், குழந்தைகள் எழுந்து நடமாடினாலும் தடுக்காத தளர்வான காட்சிகளும் உண்டு. ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்றால் அதைத் தேடிப் பிடியுங்கள்.

2. இருக்கை

முதல் வரிசைதான் சிறந்தது என்று நினைத்துக் காசைக் கொட்ட வேண்டாம். பனிக்காட்சியில் ஆடுபவர்கள் போடும் கோலம் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். என் ஓட்டு பால்கனிக்கே. கைப்பிடிச் சுவர் குழந்தையின் கண்ணை மறைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உயரத்துக்கு மெத்தை தருவார்களா என்றும் விசாரியுங்கள். ஓர இருக்கை கிடைத்தால் அவசரத்துக்கு எழுந்து போக வசதி.

3. கதையை முழுசாகச் சொல்லிவிடுங்கள்

சஸ்பென்ஸ் காக்க வேண்டியதில்லை. கிளாரா என்ற சிறுமிக்கு (சில தயாரிப்புகளில் மரீ) கிறிஸ்துமஸ் விருந்தில் அவளுடைய ஞானத்தந்தை ட்ராசல்மையர் ஒரு நட்கிராக்கர் பொம்மை தருகிறார்: கொட்டையை வாயில் வைத்து உடைக்கும் மரச்சிப்பாய். தம்பி ஃப்ரிட்ஸ் அதை உடைத்துவிடுகிறான். நள்ளிரவில் கிறிஸ்துமஸ் மரம் வளர்ந்துகொண்டே போகிறது, எலிப்படை வருகிறது, சண்டை. கிளாரா செருப்பை எறிந்து எலி ராஜாவைத் தடுமாற வைக்கிறாள். பொம்மை இளவரசனாகிறது. இருவரும் பனிக்காட்டைக் கடந்து இனிப்பு நாட்டுக்குப் போகிறார்கள்.

சண்டைக் காட்சியில் மேடை இருளும், துப்பாக்கிச் சத்தமும் புகையும் வரலாம். பயந்த சுபாவம் என்றால், எலிகள் முகமூடி போட்ட ஆட்கள்தான் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

4. இரண்டாம் பாதியைத் தனியாகத் தயார் செய்யுங்கள்

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். கதை முதல் பாதியிலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அப்புறம் வருவதெல்லாம் வரிசையாக நடனங்கள்: சாக்லேட், காபி, தேநீர், ரஷ்யத் துள்ளாட்டம், மலர்களின் வால்ட்ஸ், சர்க்கரைத் தேவதை. "அடுத்து என்ன ஆகும்?" என்று காத்திருக்கும் குழந்தை இங்கேதான் நெளிய ஆரம்பிக்கும். அதனால், "இனிமேல் கதை இல்லை, கிளாராவுக்காக எல்லோரும் ஆடிக் காட்டுவார்கள், உனக்கு எது பிடித்தது என்று கடைசியில் சொல்லு" என்று ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, இசை. இந்த பாலேயிலிருந்து தொகுத்த சிறு துண்டுகள் ‘நட்கிராக்கர் சூட்’ என்ற பெயரில் எங்கும் கேட்கக் கிடைக்கும். முந்தைய வாரம் வீட்டில் ஓடவிடுங்கள். ரஷ்ய ஆட்டம் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தெரிந்த மெட்டு மேடையில் ஒலித்ததும் குழந்தை நிமிர்ந்து உட்காரும்.

சர்க்கரைத் தேவதை ஆடும்போது சின்ன மணிகள் போல் கேட்பது செலஸ்டா என்ற இசைக்கருவி. பாரிஸில் அதைக் கேட்டு மயங்கிய சாய்கோவ்ஸ்கி, மற்ற இசையமைப்பாளர்கள் முந்திக்கொள்ளக் கூடாதென்று ரகசியமாகவே வரவழைத்தாராம்! நேரடி இசைக்குழு இருந்தால் இடைவேளையில் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தை எட்டிப் பார்க்க வையுங்கள். சிறிய பியானோ போலிருப்பதுதான் அது.

5. அன்றைக்கு

அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். தாமதமானால் ஆட்டத்தின் நடுவே பொருத்தமான இடைவெளி வரும்வரை உள்ளே விடமாட்டார்கள். கழிவறைக்கு முன்பே கூட்டிப்போங்கள். இடைவேளையில் வரிசை நீளும். சரசரக்கும் பொட்டலங்கள் வேண்டாம். போனை அணைத்துவிடுங்கள். ஆடியவர் முன்னால் வந்து வணங்கினால் தாராளமாகக் கைதட்டலாம், நடுவில் தட்டுவது தப்பில்லை.

இடைவேளைக்கு முன் பனிக்காட்சி வரும், வார்த்தையில்லாத சேர்ந்திசையோடு. அதுவரை பார்த்துவிட்டுக் குழந்தை சோர்ந்திருந்தால் தயங்காமல் கிளம்பிவிடுங்கள். டிக்கெட் காசுக்காக மிச்சத்தையும் இழுத்துப்பிடித்து உட்கார வைத்தால் அடுத்த வருடம் வரவே மாட்டேன் என்றுவிடும்.