வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில் கேஸ் அடுப்பு

வயது ஏற ஏற மோப்ப சக்தி மங்கும். கசிவு தெரியட்டும் என்றுதான் எல்பிஜியில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு அது எட்டாமலே போகலாம். ஆகவே கேஸ் கசிவு அலாரம் கட்டாயம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தேங்கும். அலாரத்தைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுங்கள். பரண் பக்கம் மாட்டினால், கேஸ் அங்கே ஏறும்முன் காரியம் கைமீறிவிடும். காது கருவியைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கும்போது சத்தம் கேட்கிறதா என்றும் சோதியுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மூட்டுவலிக்காரர்கள் ரெகுலேட்டரை மூடாமலே தூங்கிவிடுவார்கள். குனியாமல் கைக்கு எட்டுகிறதா, திருப்ப முடிகிறதா என்று நின்று பாருங்கள். பால் பொங்கி அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அடுப்பு கிடைக்கிறது; மறதி உள்ளவர்களுக்கு அதுவே நல்லது. ஆரஞ்சு நிற டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சமைக்கையில் நைலான் சேலை வேண்டாம். பருத்தி கட்டினாலும் தலைப்பை இடுப்பில் செருகட்டும்.

கசிந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்தபின் கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழைக்கவும்.