பழைய அரத்தில் ஒரு சமையல் கத்தி அடிப்பது எப்படி?

தேய்ந்த அரத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நல்ல அரம் என்றால் 1 சதவீதம் அளவுக்குக் கார்பன் உள்ள எஃகு. கத்திக்கு அருமையாகப் பொருந்தும். மலிவு அரங்கள் சிலவற்றில் மேல்பரப்பு மட்டும்தான் கடினமாக இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அரத்தைத் துணியால் மூடி வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்கி நுனியில் ஓங்கித் தட்டுங்கள். படக்கென்று ஒடிந்து, முறிந்த இடம் முழுக்க ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் பொடிமணியாகத் தெரிந்தால் சரியான அரம்.

முதல் வேலை அதை மென்மையாக்குவது. கரி உலையில், காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கச் சூடாக்கி, சாம்பலில் புதைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் அரத்தின் பற்களைக் கிரைண்டரில் முழுதாகத் தேய்த்து எடுங்கள். பற்கள் மிச்சமிருந்தால், அடிக்கும்போது மடிந்து உள்ளே போய்ப் பின்னால் விரிசலாகத் தலைகாட்டும்.

அப்புறம் சுத்தியல். ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள், மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்தி மறுபடி உலையில் வையுங்கள். வெள்ளையாகிப் பொறி பறந்தால் எஃகு எரிகிறது என்று பொருள். வாய்ப்பக்கத்தை, அதாவது வெட்டும் விளிம்பை, மெலிதாக்க அடிக்க அடிக்க அந்தப் பக்கம் நீண்டு, கத்தி முதுகுப் பக்கமாக வளையும். அதனால் முன்கூட்டியே வாய்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்து வைத்தால், அடித்து முடிக்கும்போது தானே நேராகிவிடும். வாயை இப்போதே கூராக்காதீர்கள். 1 மில்லிமீட்டராவது தடிமன் இருக்கட்டும், இல்லாவிட்டால் தோய்க்கும்போது, அதாவது சிவந்த கத்தியை எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும்போது, கோணிக்கொள்ளும்.

தோய்ச்சலுக்கு முன், காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். சுத்தியல் அடியால் சேர்ந்த இறுக்கம் தளரும். பிறகு அதே சூட்டுக்குச் சற்று மேலே போனதும், 50 டிகிரிக்குச் சூடாக்கிய கடலை எண்ணெயில் நுனி கீழாக நேரே இறக்குங்கள். தண்ணீர் வேண்டாம், மெல்லிய கத்தி அதில் விரிசல் விடக்கூடும். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கட்டும், தீப்பற்றினால் மூட ஒரு தட்டும் பக்கத்தில் வேண்டும். நைலான் சட்டையோடு உலைப்பக்கம் போகவே கூடாது.

ஆறிய கத்திமேல் வேறொரு அரத்தை இழுத்துப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. இந்த நிலையில் கீழே விழுந்தால் கத்தி இரண்டு துண்டு! அன்றைக்கே ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள், ஆறியபின் இன்னொரு முறை. மினுக்கிய பரப்பில் வெளிர் வைக்கோல் நிறம் படர்ந்தால் போதும்; நீலம் வந்துவிட்டால் வாய் மென்மையாகி, கூர் நிற்காது.

பிடி சுலபம். அரத்துக்கு ஏற்கெனவே பிடிக்குள் செருகும் வால் இருக்கிறதே! பூவரசங்கட்டையில் துளைபோட்டு அரால்டைட் பசை ஊற்றிச் செருகுங்கள். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கையால் தொட முடியாத சூடு வரவிடாதீர்கள்.