உடவளவை யானைக்குட்டிகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்து கதிர்காமம் போகும் குடும்பங்களை வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. வழியில் உடவளவையில் இறங்கி, தாயில்லாத யானைக்குட்டிகள் பால் குடிப்பதைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல இடம், கட்டாயம் காட்டுங்கள். ஆனால் முதல்முறை வருகிறவர்கள், தொடக்கத்தில் நாங்கள் விட்ட பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் நீங்களே கொண்டுவருவீர்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

## பின்னவலை என்று நினைத்து வருவது

பின்னவலை யானைகள் சரணாலயம் 1975இல் தொடங்கியது. அங்கே யானைகள் மனிதரோடு மனிதராகவே வளர்கின்றன. மகா ஓயாவில் குளிப்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். உடவளவை நிலையத்தை வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் ஆரம்பித்தது வேறு நோக்கத்தோடு. குட்டிக்கு நாலைந்து வயதானதும் அதைக் காட்டில் விட்டுவிடுவார்கள். 1998 முதல் அப்படி விடப்பட்டவை நூறைத் தாண்டும்.

அதனால்தான் இங்கே தொட விடுவதில்லை, பால் கொடுக்க உங்களை விடுவதில்லை. தள்ளியிருக்கும் மேடையில்தான் நிற்கவேண்டும். பராமரிப்பவர் புனலில் பாலை ஊற்ற, குழாய் வழியாகக் குட்டி குடிக்கும். குடித்து முடிந்ததும் பற்றைக்காட்டுக்குள் போய்விடும். "இவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆமாம், இவ்வளவுதான். நம்மோடு பழக்கம் குறையக் குறைய அந்தக் குட்டி காட்டில் பிழைக்கும்.

## நேரம் பார்க்காமல் வருவது

3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால். பார்வையாளருக்கு வழக்கமாகக் காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6. அரை மணித்தியாலம் முன்பே போய்விடுங்கள். பால் குடித்து முடிய அதிக நேரம் எடுக்காது. பன்னிரண்டரைக்கு வந்து இறங்கினால் வெறும் மேடையைத்தான் பார்ப்பீர்கள்.

## குட்டியைக் கூப்பிடுவது

கூப்பிடாதீர்கள். விசிலும் வேண்டாம்.

## வெளியே வந்து வேலியோரம் பழம் கொடுப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உடவளவையிலிருந்து தணமல்வில போகும் வீதியில், மின்வேலிக்கு அந்தப் பக்கம் காட்டு யானைகள் வந்து நிற்கும். இந்தப் பக்கம் பழக்கடைகள். கடை இருக்கிறதே, அப்படியென்றால் கொடுக்கலாம்தானே என்று ஆட்கள் நினைக்கிறார்கள். கொடுக்கக் கூடாது. சட்டப்படியே தடை.

குட்டிகளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று கண் கலங்கியவர்களே அடுத்த அரை மணியில் வாழைச்சீப்போடு வேலிக்கு ஓடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. உள்ளே ஒரு குட்டியை மனிதரிடமிருந்து விலக்கி வளர்க்க ஊழியர்கள் வருடக்கணக்கில் பாடுபடுகிறார்கள். வெளியே நாங்கள் வளர்ந்த யானையைக் கையேந்தப் பழக்குகிறோம். அங்கே வந்து நிற்பவை ஆண் யானைகள். ஒன்று பழகிவிட்டால் பழம் இல்லாத வாகனத்திடமும் எதிர்பார்க்கும். புத்தல–கதிர்காமம் வீதியில் போனவர்களுக்கு இது தெரியும்: நடுவீதியில் மறித்து, யன்னலுக்குள் துதிக்கையை விட்டுத் தேடும். ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள். அப்புறம் பழி யானைக்குத்தான்.

பழத்தோடு சேர்த்துப் பொலித்தீன் பையையும் விழுங்கிவிடும். அதைவிட மோசம் ஹக்க பட்டாஸ். காட்டுப்பன்றியைக் கொல்வதற்காகப் பூசணி போன்ற காய்களுக்குள் வெடிமருந்தை மறைத்து வைப்பார்கள். யானை கடித்தால் வாய் சிதறிவிடும். தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். மனிதர் வைத்த காயை நம்பித் தின்னலாம் என்று ஒரு யானைக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கலாமா?

ஒருமுறை வானில் வந்த ஒரு அம்மம்மா, "தம்பி, பிள்ளையார் வந்து நிக்கிறார், நிப்பாட்டுங்கோ" என்றார். கதிர்காமக் காட்டில் வள்ளியை மிரட்ட யானையாக வந்தவர் பிள்ளையார்தானே. அந்தப் பக்தியை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனாலும் நிறுத்தவில்லை. "அம்மம்மா, இவர் கோயில் யானை இல்லை. இப்ப நீங்கள் குடுத்தால் நாளைக்கு வேலியை முறிச்சுக்கொண்டு ஊருக்குள்ள வருவார். வந்தால் வெடி வைப்பாங்கள்" என்றேன். பின்னாலிருந்து பேரன், "அந்தக் குட்டியின்ர அம்மாவுக்கும் வெடி வைச்சவங்களா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி வந்த வாழைப்பழம் கதிர்காமத்தில் பூசைத்தட்டில் போனது.

ஆகவே புறப்படும்போதே சாரதியிடம் சொல்லிவிடுங்கள், அந்த வீதியில் நிறுத்தவேண்டாம் என்று. படம் எடுக்கக்கூட வேண்டாம். வாகனம் நின்றாலே சாப்பாடு என்றுதான் யானை பழகியிருக்கிறது.

## பிள்ளையிடம் பொய் சொல்வது

"அம்மா எங்கே?" என்று பிள்ளை கேட்கும். காட்டில் காத்திருக்கிறார் என்று சொல்லித் தப்பாதீர்கள். சில தாய்கள் சுடப்பட்டவை, சில ரயிலில் மோதுண்டவை. விவசாயக் கிணற்றில் விழுந்து கூட்டத்தைத் தவறவிட்ட குட்டிகளும் உண்டு. கண்ணியில் கால் போய், செயற்கைக் கால் பொருத்தப்பட்ட குட்டியையும் அங்கே வளர்த்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு "அம்மா செத்துப்போச்சு, இந்த மாமாக்கள்தான் பார்க்கினம்" என்றால் போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு, யானை வயலுக்கு ஏன் வருகிறது, வயல்காரனுக்கு ஒரே இரவில் எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயல்காரனைக் கெட்டவனாக்கிவிட்டுப் போவது நியாயமில்லை.

## அனுமதிச்சீட்டுக் குழப்பம்

உடவளவை தேசியப் பூங்கா நுழைவாயில் வேறு, இந்த யானைக்குட்டி நிலையம் வேறு. சீட்டும் வேறு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் சொந்தக்காரருக்கு விலை கூட.

## எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்ப்பது

விடியற்காலை ஜீப்பில் பூங்காவைச் சுற்றிவிட்டு, தூசியும் பசியுமாக நேரே 12 மணிப் பாலுக்கு ஓடினால் சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடும். சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தெழும்பி, 3 மணிக்குப் போங்கள்.