'புட் அவுட்': விளக்கை வெளியே வைப்பதா, அணைப்பதா?

பள்ளியில் 'புட் அவுட் த லேம்ப்' என்பதை 'விளக்கை வெளியே வை' என்று மொழிபெயர்த்தவன் நான். புட் என்றால் வை, அவுட் என்றால் வெளியே. கணக்கு சரிதானே? வாத்தியார் சிவப்பு மையில் சுழித்ததுதான் மிச்சம்.

படி 1: இரண்டு சொல்லையும் சேர்த்தே படியுங்கள். புட் அவுட் என்றால் எரிவதை அணைப்பது. தீ, மெழுகுவத்தி, சிகரெட் எல்லாவற்றுக்கும் சொல்லலாம். ஆனால் 'புட் அவுட் த ரப்பிஷ்' என்றால் நிஜமாகவே குப்பையை வெளியே வைப்பதுதான்! எரிகிற பொருளா என்று பாருங்கள், குழப்பம் தீரும்.

படி 2: நேற்று அணைத்திருந்தாலும் புட் அவுட்தான். 'புட்டட்' இங்கே வராது.

படி 3: 'புட் அவுட் த ஃபயர்', 'புட் த ஃபயர் அவுட்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் மட்டும் நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் அவுட்'.

படி 4: நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தமிழில் அணைத்தது, அணைந்தது என்று ஓர் எழுத்தை மாற்றினால் போதும். ஆங்கிலத்தில் வினையையே மாற்ற வேண்டும். தானாக அணைந்தால் 'கோ அவுட்': 'த கேண்டில் வென்ட் அவுட்'. இங்கே 'புட் அவுட்' போட்டால் மெழுகுவத்தி கிளம்பிப் போய் எதையோ அணைத்தது போல ஆகிவிடும். யாரோ அணைத்தார்கள், யாரென்று சொல்ல வேண்டியதில்லை என்றால் 'வாஸ் புட் அவுட்'.

படி 5: ஒரு நிஜத் தீயில் பழகுவோம். 1666 செப்டம்பர் 2 அன்று லண்டன் புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக்கடையில் தீ பிடித்தது. பிடித்ததற்கு 'ப்ரோக் அவுட்'. வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கினார்கள், காற்றும் தணிந்தது. நான்கு நாள் எரிந்த தீ அடங்கியது. மனிதர் பட்ட பாட்டைச் சொல்ல 'வாஸ் புட் அவுட்'. எரிய ஒன்றும் மிஞ்சாமல் தானாக ஓய்ந்த மூலைகளுக்கு 'வென்ட் அவுட்'.

அப்புறம், பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதி அணைப்பது 'ப்ளோ அவுட்'. கேஸ் அடுப்புக்கு 'டர்ன் ஆஃப்' போதும்.

பூஜையறை விளக்கை அணைந்தது என்று சொல்ல நமக்கு நா எழாது, 'மலையேறிவிட்டது' என்போம். ஆங்கிலத்தில் அதற்கும் வெறும் 'வென்ட் அவுட்'தான்.