திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்துத் தூங்குவது எப்படி?

சென்னைக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்கவோ முதல் வேலையில் சேரவோ வருகிற இளைஞருக்குக் கைக்கு எட்டும் வாடகையில் கிடைப்பது இன்றும் திருவல்லிக்கேணி மேன்ஷன்தான். பெயரைக் கேட்டு மாளிகை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் ஓர் அலமாரி எப்படியோ அடங்கிய அறைகள் நீண்ட தாழ்வாரத்தின் இருபுறமும் வரிசையாக இருக்க, அதன் கோடியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறையும் கழிப்பறையும் அமைந்த மூன்று, நான்கு மாடிக் கட்டடம்தான் மேன்ஷன். அவற்றுள் சுண்ணாம்பைக் கண்டே பல ஆண்டுகள் ஆகியிருந்த ஒன்றில் நான் பதினான்கு மாதங்கள் தங்கினேன். முதல் இரண்டு மாதங்கள் மூட்டைப்பூச்சிக் கடியில் சரியாகத் தூங்கவில்லை. மீதி மாதங்களில் நன்றாகவே தூங்கினேன். அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதையே படிப்படியாக எழுதுகிறேன். எழும்பூரில் இறங்கி எந்தப் பேருந்தில் ஏறுவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

படி 1: ரயில் நிலையத்தைப் பார்த்துத் தெருவைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய தெரு, பெல்ஸ் சாலை, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை ஆகியவற்றிலும் அவற்றின் கிளைச் சந்துகளிலும் மேன்ஷன்கள் நெருங்கிக் கிடக்கின்றன. இவற்றுள் திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தெருவை முதலில் பாருங்கள். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிப் பக்கம் செல்லும் அந்தத் தடத்தில் கோட்டூர்புரமும் திருவான்மியூரும் இருக்கின்றன. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் படிக்கப் போகிறவருக்கு முதலாவது நிலையமும், டைடல் பூங்காப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டாவது நிலையமும் வண்டி மாறாமலே கிடைத்துவிடும். சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டிய தெருக்களில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. கிரிக்கெட் போட்டி நடக்கும் நாள்களில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். மறுநாள் உங்களுக்குத் தேர்வு இருந்தாலும் இரவு 11 மணிக்கு மேல்தான் தெருவில் அமைதி திரும்பும்.

படி 2: அறையைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள்

நான் செய்த முதல் தவறு இந்தப் படியில்தான். காலை 11 மணிக்கு அறையைப் பார்த்தேன். கிழக்குப் பார்த்த சன்னல், மெரினாப் பக்கத்திலிருந்து வரும் காற்று, புதிதாக விரித்த பூப்போட்ட விரிப்பு ஆகியவற்றைக் கண்டு மயங்கி, மாதம் 5,500 ரூபாய் வாடகைக்கு இரண்டு மாத முன்பணத்தை அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்துவிட்டேன். அந்த விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பகலில் பார்க்க வேண்டியவை வெளிச்சம், சன்னல், மாடி ஆகிய மூன்றும்தான். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறை வாடகை குறைவு என்பார்கள். சித்திரை, வைகாசியில் பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவு முழுவதும் உங்கள் தலைமேல்தான் இறக்கும். தரைத்தளத்தில் கொசுவும் ஐப்பசி மழைச் சாக்கடையும் உண்டு. நடு மாடியில் கிழக்குச் சன்னல் உள்ள அறைக்கு மாதம் 300 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

இரவு 9 மணிக்கு மேல் மறுபடியும் போய், பக்கத்து அறைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். மேலாளரிடம் கேட்பதில் பயனில்லை. அவர் கெட்ட செய்தி சொல்வதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. “அண்ணே, ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி?” என்று மட்டும் கேளுங்கள். கேட்டவுடன் அவர் கை தானாகக் கழுத்தையோ முழங்கையையோ சொறிந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

படி 3: மூட்டைப்பூச்சிச் சோதனை

கைப்பேசி விளக்கும் காலாவதியான ஒரு ஏடிஎம் அட்டையும் போதும். மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பிடித்து, அட்டையின் முனையால் மூலையிலிருந்து மூலை வரை வழித்துப் பாருங்கள். பேனா மை தெறித்தது போன்ற கரும்புள்ளிகள் தென்பட்டால், ஈரத்துணியால் ஒன்றைத் துடையுங்கள். பழுப்பாக இழுபட்டால் அது பூச்சியின் எச்சம். உரித்துப் போட்ட வெளிர்பழுப்புத் தோலும், ஒரு மில்லிமீட்டர் அளவிலான வெள்ளை முட்டைகளும் இடுக்குகளில் ஒட்டியிருக்கும். அதன் பிறகு இரும்புக் கட்டிலின் குழாய் வாய்கள், திருகாணித் துளைகள், சுவரில் தொங்கும் நாள்காட்டியின் பின்புறம், மின்சுவிட்சுப் பெட்டியின் விளிம்பு, அலமாரிப் பலகையின் வெடிப்பு ஆகியவற்றையும் பாருங்கள். கட்டில் மரத்தாலானது என்றால் பார்க்கவே வேண்டாம், வேறு அறை கேளுங்கள்.

அறை பல மாதங்களாகக் காலியாகக் கிடந்தது, ஆகவே பூச்சி இராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பிராணி அது.

படி 4: முன்பணமும் அடையாள அட்டையும்

முன்பணத்துக்குக் கையெழுத்திட்ட இரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆதார் நகல் கேட்பார்கள். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையத்தளத்திலேயே பதிவிறக்கலாம். அதைக் கொடுத்து, நகலின் குறுக்கே தேதியையும் “அறை வாடகைக்கு மட்டும்” என்பதையும் எழுதிவிடுங்கள்.

(பின்சேர்க்கை: பெண்களுக்கும் இதைப் போல எழுதுங்கள் என்று சகோதரிகள் சிலர் கேட்டிருந்தனர். மேன்ஷன்கள் பெரும்பாலும் ஆண்களுக்கே அறை தருகின்றன என்பதால் எனக்கு அந்த அனுபவம் இல்லை. ஆனால், தமிழ்நாட்டில் மகளிர் விடுதி நடத்துபவர் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.)

படி 5: கட்டிலைத் தீவாக்குங்கள்

என்னைத் தடுக்கி விழவைத்த படி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குடிபோன முதல் இரவு மூன்று மணிக்குக் கடி தாங்காமல் எழுந்தபோது கொசு என்றே நினைத்தேன். கொசுவர்த்தி வாங்கினேன், பிறகு திரவக் கொசுவிரட்டி வாங்கினேன், பிறகு வலையே வாங்கிக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். பூச்சிகள் கட்டிலின் குழாய்க்குள் இருந்ததால், வலைக்குள் அவற்றோடு என்னையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டேன் என்பதை ஒரு வாரம் கழித்துத் தலையணை உறையில் கரும்புள்ளிகளைப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்ததாகக் கடையில் விற்கும் பூச்சித் தெளிப்பானை ஒரு புட்டி முழுவதும் அடித்தேன். கண்ணுக்குப்பட்டவை செத்தன. அடுத்த இரு வாரங்களில் பழைய கதை திரும்பியது. தெளிப்பான் முட்டைகளை ஒன்றும் செய்யவில்லை. இடுக்கில் ஒளிந்தவை சுவர் வெடிப்பு வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தன. பொதுவாக விற்கும் மருந்துகளுக்கு இந்தப் பூச்சிகள் பல இடங்களில் பழகியும்விட்டன. மண்ணெண்ணெய் பூசலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரே படிக்கட்டு உள்ள நான்கு மாடிக் கட்டடத்தில் அதைச் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகவே முடியக்கூடும்.

கடைசியில் பலன் தந்த முறை இது. இருபுறத்து அறைக்காரர்களையும் பேசிச் சம்மதிக்க வைத்து, மூவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். மேன்ஷன் கொடுத்த தேங்காய்நார் மெத்தைகளைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி மேலாளரிடமே ஒப்படைத்தோம். இரும்புக் கட்டில்களை மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று, தெருமுனை டீக்கடைக்காரரிடம் சொல்லிவைத்துக் கொதிக்கக் கொதிக்க வாங்கிவந்த நான்கு வாளி வெந்நீரை ஒவ்வொரு மூட்டிலும் குழாய் வாயிலும் திருகாணித் துளையிலும் மெதுவாக ஊற்றினோம். வெயிலில் போட்டால் போதுமே என்று கேட்பீர்கள். 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் முட்டை வரை எட்டினால்தான் அவை அழியும். வெயிலில் கட்டிலின் ஒருபக்கம் சுடும்போது அவை நிழல் பக்கத்துக்கு நடந்துவிடுகின்றன. ஈரம் உலர்ந்ததும் துளைகளை எல்லாம் எம்-சீல் வைத்து அடைத்தோம். சுவர் வெடிப்புகளுக்கு வெள்ளைச் சிமெண்டு பூசினோம்.

அதன் பின் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, நான்கு கால்களையும் நான்கு கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது, தாவவும் தெரியாது. நடந்துதான் வர வேண்டும். ஆகவே விரிப்பின் நுனி தரையைத் தொடக் கூடாது, பையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கக் கூடாது, கொடியில் போட்ட லுங்கி கட்டில்மேல் தொங்கக் கூடாது. என் அறையில் இரண்டாவது தாக்குதல் நடந்தது ஒரு துண்டின் நுனி வழியாகத்தான்.

முட்டைகள் சுமார் பத்து நாளில் பொரிந்துவிடும். அதனால் பத்தாம் நாள் அதே வெந்நீர் வேலையை மறுபடியும் செய்யுங்கள், இருபதாம் நாள் இன்னொரு முறையும் செய்யுங்கள். மூன்றாவது முறை தேவையில்லை என்று எண்ணி நிறுத்திய பக்கத்து அறைத் தம்பி, அடுத்த மாதம் எங்கள் இருவரையும் மறுபடி வாளி தூக்க வைத்தார்.

(திருத்தம்: கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றச் சொல்லி இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். தேங்கிய நல்ல நீரில் டெங்குக் கொசு முட்டையிடுமே என்று வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி. இப்போது வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணங்களைத் தண்ணீர் இல்லாமல் வைத்து, உட்சுவரில் முகப்பவுடரை மெலிதாகத் தடவிவிடுகிறேன். ஏற முயலும் பூச்சி வழுக்கி உள்ளேயே கிடக்கும். காலையில் எண்ணிக்கூடப் பார்க்கலாம்.)

மெத்தைக்குப் பதில் என்ன விரிப்பது என்ற கேள்வி வரும். பத்தமடைக்குப் பக்கத்து ஊர்க்காரனாகிய நான் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் கோரைப்பாயின் பின்னல் பூச்சிக்கு நல்ல குடியிருப்பு. பிளாஸ்டிக் பாயும் அதன்மேல் இரண்டு பருத்திப் போர்வையும் விரியுங்கள். போர்வை வெள்ளை நிறமாக இருப்பது மிக முக்கியம். பூப்போட்ட விரிப்பில் எதுவும் தெரியாது.

படி 6: பூட்டு, மின்சாரம், தண்ணீர்

மேன்ஷன் தரும் பூட்டுக்கு எத்தனை சாவிகள் வெளியே உலவுகின்றன என்பது யாருக்கும் தெரியாது. சொந்தப் பூட்டு வாங்குங்கள். எண்களைச் சுழற்றும் பூட்டு வேண்டாம். கனமான திண்டுக்கல் பூட்டே என் தேர்வு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு என்பதைவிட, அதன் எடையைப் பார்த்தே பாதித் திருடர்கள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள் என்பதே எனக்குப் பெரிய காரணம்.

வாளியில் போட்டுச் சூடாக்கும் மின்கம்பியைத் தடைசெய்திருப்பார்கள். கண்டிப்பு என்று முணுமுணுக்காதீர்கள். 1,500 வாட் கம்பி 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அறைச் சுவரில் இருப்பதோ 6 ஆம்பியர் சாக்கெட்டு. அந்தப் பழைய ஒயர் எத்தனை நாள் தாங்கும் என்று சோதிக்க வேண்டாம். மடிக்கணினிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல கட்டடங்களில் உப்பாக இருக்கும், சோப்பு நுரைக்காது. குடிக்க 20 லிட்டர் கேன் போட்டுக்கொள்ளுங்கள். 2019 கோடையில் நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது நினைவிருக்கும். லாரித் தண்ணீரைத் தேக்கிவைக்கத் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். குளியலறையில் காலை ஏழு முதல் ஒன்பது வரை வரிசை நிற்கும். ஐந்தரைக்கே குளித்துவிடுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

சாப்பாட்டைப் பற்றித் திருவல்லிக்கேணியில் பாடம் நடத்தத் தேவையில்லை. கையில் காசிருக்கும் வாரத்தில் ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லி, இல்லாத வாரத்தில் ஒரு ரூபாய் இட்லி தரும் அம்மா உணவகம் என்று என் மாதங்கள் ஓடின.

படி 7: காலி செய்யும்போது

பூச்சியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் இதிலுள்ள முக்கிய வேலை. துணிகளை 60 பாகை வெந்நீரில் துவைத்து நேராகப் புதிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். புத்தகங்களை வெந்நீரில் போட முடியாது என்பதால், அட்டையின் முதுகுப் பக்கத்தை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, காற்றுப் புகாதபடி ஒட்டிய பையில் வையுங்கள். பாய், தலையணை ஆகியவற்றை அடுத்து வருகிறவருக்கு விற்க முயல வேண்டாம்.

என் முன்பணத்தில் வெள்ளையடிக்க என்று 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். இரசீது இருந்ததால் மீதி வந்தது. துணியும் புத்தகமும் மேலே சொன்ன முறையில் வீட்டுக்குள் போய்விட்டன. பதினான்கு மாதம் அறை ஆணியில் தொங்கிய தோள்பையை மட்டும் அம்மா வாசற்படி தாண்ட விடவில்லை. அது இன்னும் மாட்டுத்தொழுவத்துப் பரணில்தான் கிடக்கிறது.