லாப்ரடார் கடற்பாறையைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் பிரதான தீவில் பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய கடலோரச் செங்குத்துப் பாறை ஒன்றே ஒன்றுதான். அது லாப்ரடார் இயற்கைக் காப்பகத்தில் இருக்கிறது. தேக்காவில் எம்ஆர்டி ஏறினால் ஹார்பர்ஃபிரண்டில் வட்டப் பாதைக்கு மாறி, இரண்டாவது நிலையமான லாப்ரடார் பார்க்கில் இறங்கிவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், போய்வந்தவர்களில் பலர் “அங்கே பார்க்க என்ன இருக்கு? கப்பல்தான் நிக்குது” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பாறையைப் பார்க்காமலே திரும்பியவர்கள். தவறான இடத்தில், தவறான நேரத்தில் நின்றிருப்பார்கள். இன்னொரு கூட்டம், சரியாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் தடுப்பைத் தாண்டி இறங்கப் பார்க்கும். இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் இடம். பலர் நேராகக் குன்றின் மேல் ஏறிவிடுகிறார்கள். அங்கே பழைய பாசிர் பாஞ்சாங் கோட்டையின் மிச்சங்களும் ஆறு அங்குலப் பீரங்கியும் இருக்கின்றன. கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயிலைக் காக்க, எதிரே செந்தோசாவின் சிலோசோ கோட்டையோடு சேர்ந்து நின்ற இடம் அது. கட்டாயம் பார்க்கவேண்டியதுதான். ஆனால் பாறையின் தலைமேல் நின்றுகொண்டு பாறையைத் தேடினால் எப்படித் தெரியும்? மரங்களுக்கு நடுவே கொஞ்சம் கடல் தெரியும், அவ்வளவுதான். கீழே உள்ள கடலோர நடைபாதையும் பெரும்பாலும் கட்டப்பட்ட கடற்சுவர்தான். அதிலே நடந்துவிட்டு இயற்கையான கரையைப் பார்த்துவிட்டதாக நினைக்கக்கூடாது. படகுத்துறைப் பக்கம் போய், கரையைப் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். சாய்ந்து கிடக்கும் பாறை அடுக்குகளும், அவற்றின் இடுக்கில் வேர்விட்டுத் தொங்கும் மரங்களும், அடியில் அலை அரித்த பள்ளங்களும் அங்கிருந்துதான் பிடிபடும். தென்கரையின் பெரும்பகுதியைக் கடலைத் தூர்த்து உருவாக்கிய நாடு இது. அதில் இந்தச் சின்னத் துண்டுக் கரை தன் பழைய உருவத்தோடு மிஞ்சியிருப்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க ஆசையா? இன்னொரு நாள் செந்தோசாவுக்குப் போய் சிலோசோ கோட்டை வான்பாலத்தில் ஏறுங்கள். பதினொரு மாடி உயரம், 181 மீட்டர் நீளம், கட்டணம் கிடையாது. நீரிணைக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் குன்றும் துறைமுகமும் எப்படிச் சேர்ந்து அமைந்திருக்கின்றன என்பது நன்றாகப் புரியும்.

நேரம்தான் அதைவிட முக்கியம். பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை எப்போது ஒழிகிறதோ அப்போது கிளம்புகிறார்கள். கடல் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை. நீர் ஏறியிருக்கும்போது போனால் பாறையின் அடிவாரம் முழுவதும் தண்ணீருக்குள் கிடக்கும். இங்கே நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது, இதைத்தான் ஓதம் என்கிறோம். பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மூன்று மீட்டரை ஒட்டிவரும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே இதற்குப் பாதி வழிகாட்டி: அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாள்களில்தான் கடல் மிக அதிகமாக வற்றும். மீதிக்கு ஓத அட்டவணையைப் பாருங்கள். அரை மீட்டருக்குக் கீழே காட்டினால் நல்ல நாள். ஆண்டின் நடுப்பகுதி மாதங்களில் இந்தப் பெரிய வற்றம் விடிவதற்கு முன்பே வந்துபோய்விடும். ஆண்டின் கடைசி மாதங்களில் மாலையில் வரும், குடும்பத்தோடு போக அதுதான் வசதி. அப்போது கடற்புல் திட்டுகளும் பவளச் சிதறல்களும் வெளியே தெரியும், கொக்குகள் இரை தேட இறங்கும். நடைபாதையில் நின்றே இதையெல்லாம் பார்க்கலாம், கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் போதும்.

நின்றே பார்க்கவேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்குள்ள பாறை அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. மழைநீர் அடுக்குகளின் விரிசலுக்குள் இறங்கி உள்ளே இருப்பதைத் தளர்த்துகிறது, வேர்கள் விரிசலை அகலமாக்குகின்றன, அலை அடியைக் குடைகிறது. மேலே உள்ள பாளம் எப்போது பிடி விடும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லமுடியாது. அதிலும் பெருமழைக்கு அடுத்த நாள்கள் மோசம். வெயில் அடிக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது என்பதால் பாறையும் உறுதியாக இருப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வேலியும் அறிவிப்புப் பலகையும் இதற்காகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு புகைப்படத்துக்காக அதைத் தாண்டுவதும், பிள்ளையைத் தோளில் தூக்கி வேலிக்கு அப்பால் இறக்கி நிற்கவைப்பதும் வேண்டவே வேண்டாம்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிரே போவது உலகிலேயே பரபரப்பான கப்பல் வழிகளில் ஒன்று. ஒரு கப்பலோ வேகப் படகோ கடந்துபோய்ச் சற்று நேரம் கழித்து, காற்றே இல்லாத கடலிலிருந்து திடீரென்று பெரிய அலைகள் வரிசையாக வந்து மோதும். கடல் சாதுவாக இருக்கிறதே என்று பாசி படிந்த கல்லில் கால் வைத்தவர் அந்த ஒரு நொடியில் வழுக்கி விழுவார்.

அப்புறம், கடற்கரையில் நிற்கும் அந்த உயரமான கல்தூண். அதன் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு “நூற்றாண்டுகள் பழமையான டிராகன் பல் வாயில்” என்று பகிர்கிறவர்கள் நிறையப் பேர். அது அசல் இல்லை. சீன மாலுமிகள் 14ஆம் நூற்றாண்டிலேயே லோங் யா மென், அதாவது டிராகன் பல் வாயில், என்று குறித்துவைத்த நீரிணை இதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த முனையை ஒட்டிக் கடலில் ஒரு பாறை தூண்போல நின்றது. மலாய்க்காரர்கள் அதை பத்து பெர்லாயர் என்றார்கள். கப்பல்கள் போகவர வழி அகலமாகவேண்டும் என்று 1848இல் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் அதை வெடிவைத்துத் தகர்த்தார். இப்போது நிற்பது 2005இல், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்பயணம் தொடங்கிய 600ஆம் ஆண்டையொட்டி வைக்கப்பட்ட மாதிரி. பிள்ளைகளை அழைத்துப்போனால் இதைச் சரியாகச் சொல்லுங்கள். மாலுமிகளுக்கு அத்தனை காலம் வழிகாட்டிய ஒரு பாறையை நாமே உடைத்துவிட்டோம் என்று தெரிந்தால், மிஞ்சியிருக்கும் பாறையை அவர்கள் பார்க்கும் பார்வையே மாறும்.

சிப்பி, பவளத் துண்டு, கூழாங்கல் எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். லாப்ரடார் 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காப்பகத்திலிருந்து செடியையோ உயிரினத்தையோ எடுத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கப்படலாம். விலங்குகளுக்கு உணவு போட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல், நின்றிருந்த எண்ணெய்க் கப்பல்மீது மோதியதில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அது செந்தோசாவோடு சேர்த்து இந்தப் பாறைக் கரையிலும் வந்து அப்பியது. மணல் என்றால் மேலாக வாரி எடுத்துவிடலாம். பாறை இடுக்கில் புகுந்த எண்ணெயை அப்படி எடுக்கமுடியாது, மெல்ல மெல்லத்தான் அகற்றவேண்டும். அந்த அடியிலிருந்து தேறிவரும் கரை இது. அங்கே காலியாகக் கிடக்கும் ஒரு சங்குக்குள்ளும் துறவி நண்டு குடிவரக் காத்திருக்கலாம்.

வானிலையைப் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம், அதனால் காலையில் போவது மேல். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலிருந்து கிளம்பும் புயல்காற்று விடியற்காலையிலேயே வந்து அடிக்கும். கிளம்பும் முன் மழை ரேடாரை ஒரு தடவை பாருங்கள். மேற்கே வானம் கருத்தால், படகுத்துறையிலோ தனி மரத்தடியிலோ ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். உச்சிவெயில் நேரம் வேண்டாம். தண்ணீர்ப் போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள், வழுக்காத காலணி போடுங்கள்.

காரில் வந்து, வாகன நிறுத்தத்தில் இறங்கி, படம் எடுத்துவிட்டுத் திரும்புவதும் ஒரு இழப்புதான். லாப்ரடார் பார்க் நிலையத்தின் அருகிலிருந்து பெர்லாயர் ஓடையை ஒட்டிக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் பலகைப் பாதை போகிறது. இரு பக்கமும் சதுப்புநிலக் காடு. சேற்றில் தாவும் மீன்களையும் மீன்கொத்தியையும் பார்த்துக்கொண்டே கடலை அடையலாம். அதன் முடிவில் புக்கிட் செர்மின் பலகைப் பாதை கெப்பல் விரிகுடாப் பக்கம் பிரிகிறது. பெரியவர்களோடு வருகிறவர்கள் குன்றில் ஏறாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

நீர்நாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் குட்டியைச் சுற்றி வளைத்துப் படம் எடுக்காதீர்கள், கூட்டம் முழுக்க உங்கள்மேல் திரும்பும். அடிபட்ட பறவையோ ஆமையோ கண்ணில் பட்டால் தூக்கிக் கடலில் விடவும் வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. அழைத்து, இடத்தைச் சொல்லிவிட்டு, ஆள்கள் வரும்வரை மற்றவர்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.